டிரைவர் லுவான் மலை ஏறிய நாள்

ஷாண்டோங் மாகாணத்து லின்யீ உரத் தொழிற்சாலையில் லுவான் பாவ்ஷானைப் போல ஊர் சுற்றியவர் ஒருத்தரும் கிடையாது. அவரைப் போல எதையுமே பார்க்காதவரும் கிடையாது. ஆலைத் தலைவர் பெங்குக்கு முப்பது வருஷம் கார் ஓட்டியவர் அவர். தலைவர் மாநாடு என்று போவார், கருத்தரங்கு என்று போவார். போன இடத்துக்குப் பக்கத்தில் பேர்பெற்ற மலை ஒன்று இல்லாமல் போகாது. மாநாடு நடத்துகிறவர்கள் மட்டும் என்ன, மலை இல்லாத ஊரிலா நடத்துவார்கள்? தலைவர் மேலே போவார். லுவான் கீழே காரோடு இருப்பார்.

அதனால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் பார்க்கிங்தான். "தாய்ஷான் மலை எப்படிண்ணே இருக்கும்?" என்று யாராவது ஆசையாகக் கேட்டால், "சரிவு ஜாஸ்தி. பின் சக்கரத்துக்குக் கல்லு வெச்சிரு" என்பார். வூதாய் மலை? "அங்க ஒரு கறுப்பு நாய் இருக்கு, புது டயரைப் பாத்தா விடாது." எமெய் மலை? "குரங்கு. வைப்பரைப் பிடுங்கிட்டுப் போயிடும்." புத்தர் கோயிலும் சூரிய உதயமும் எந்தப் பக்கம் இருக்கின்றன என்பதுகூட மனுஷனுக்குத் தெரியாது.

மஞ்சள் மலைக்கு மட்டும் பல தடவை போயிருக்கிறார். அதாவது அடிவாரத்துக்கு. ஒவ்வொரு தடவையும் திரும்பி வரும்போது பெங் பின் சீட்டில் ஷூவைக் கழற்றிவிட்டுச் சாய்ந்துகொண்டு, "லுவான், மேகம் காலுக்குக் கீழ ஓடுது தெரியுமா! கைய விட்டா நனையுது!" என்று ஆரம்பித்தால் ஊர் வந்து சேரும்வரை ஓயமாட்டார். லுவான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே கேட்பார். கேட்டதை ராத்திரிச் சாப்பாட்டில் மனைவி குய்லானிடம் அப்படியே ஒப்பிப்பார். குய்லான் சும்மா கேட்கிற ஜாதி இல்லை.

"நீ பாத்தியா?"

"தலைவர் பாத்தாரு."

"அவரு சாப்பிட்டா உனக்கு ஏப்பம் வருமாய்யா?"

இந்த ஒரு கேள்வி லுவானுக்கு மீன் முள்ளாகத் தொண்டையில் மாட்டிக்கொண்டது. ரிட்டயர் ஆனதும் அவர் கேட்டது வீடும் இல்லை, வாசலும் இல்லை. ஒரே ஒரு தடவை மஞ்சள் மலை உச்சியில் சொந்தக் காலால் நிற்க வேண்டும். அவ்வளவுதான். ஓய்வு பெற்றவர்கள் சங்கத்தில் மலிவு விலையில் பஸ் டூர் போடுகிறார்கள் என்று தெரிந்ததும் முதல் ஆளாகப் போய்ப் பேர் கொடுத்தார். மறுநாள் பெங்கும் பேர் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும் ஓடிப்போய் மனைவியிடம் சொன்னார்.

"அவரும் ரிட்டயர், நீயும் ரிட்டயர்" என்றாள் குய்லான். "அவருக்கும் ஒரு சீட்டு, உனக்கும் ஒரு சீட்டு. பஸ்ல போய் 'தலைவரே தலைவரே'ன்னு அவரு பையைத் தூக்கின, ஓடுற வண்டியிலருந்து தள்ளிவிட்ருவேன், பாத்துக்க."

முதல் நாள் முழுக்கப் பயணத்திலேயே போயிற்று. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. லுவான் டிரைவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு வளைவிலும் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து, ராத்திரி லாட்ஜில் வலது கெண்டைக்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டார். பெங்கின் பையை மட்டும் தூக்கவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைதான்.

மறுநாள்தான் மலை. காலையில் எல்லாரும் சங்கத்தார் கொடுத்த சிவப்புத் தொப்பியை மாட்டிக்கொண்டு, ஃபிளாஸ்க்கில் வெந்நீரை நிரப்பிக்கொண்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த காகிதம் மாதிரி மெல்லிசு ரொட்டியில் பச்சை வெங்காயத் தாளைச் சுருட்டிக் கடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்கள். கைடு பெண் டிங் மைக்கைப் பிடித்தாள். வயசு இருபத்தைந்துக்கு மேல் இருக்காது, ஆனால் குரல் மட்டும் மார்க்கெட் ஏலக்காரி குரல்.

"மாமாமாரே, அத்தைமாரே! ரோப் கார்ல நமக்குக் கொடுத்திருக்கிற நேரம் மத்தியானம் ரெண்டு மணி. அந்த நேரத்துக்கு வரிசையில நிக்கலேன்னா டிக்கெட் போச்சு. அப்புறம் மலையைக் கீழருந்து அண்ணாந்து பாத்துட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். புரியுதா?"

லுவானுக்குப் புரிந்தது. கீழிருந்து அண்ணாந்து பார்ப்பதில் அவரைவிட அனுபவசாலி யார்?

மலிவு டூர் என்றால் மலைக்கு நேராகப் போய்விடுமா? முதலில் ஒரு மூங்கில் கரிக் கடைக்குக் கொண்டுபோய் விட்டார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பையன் மேடை ஏறி, மூங்கில் கரியில் நெய்த சாக்ஸின் மகிமையைப் பற்றிப் பேசினான், பேசினான், அப்படிப் பேசினான். கால் நாற்றம் போகுமாம், ரத்த அழுத்தம் குறையுமாம், மருமகள் மதிப்பாளாம். அத்தைமார் ஆளுக்கு ஒரு கட்டு வாங்கினார்கள். லுவான் ஜன்னல் வழியே பார்த்தார். மலை அங்கேயே நின்றுகொண்டிருந்தது. அதற்கென்ன அவசரம்!

சாப்பாட்டு விடுதிக்கு வரும்போது பன்னிரண்டரை தாண்டிவிட்டது. பெரிய கூடம், பத்துப் பேர் உட்காரும் வட்ட மேஜைகள். லுவானும் குய்லானும் ஒரு மேஜைப் பக்கம் போனார்கள். கெட்ட நேரம், பெங்கும் அதே மேஜைக்கு வந்து சேர்ந்தார்.

இங்கேதான் வந்தது வினை. மற்ற மாகாணத்துக்காரர்கள் பசித்தால் உட்கார்ந்து சாப்பிட்டுவிடுவார்கள். ஷாண்டோங்காரர்கள் நாங்கள் அப்படிச் செய்தால் செத்தே போய்விடுவோம். வாசலைப் பார்த்த நாற்காலி மரியாதைப்பட்டவருக்கு. அதில் ஆள் உட்காராமல் மற்ற ஒன்பது பேரும் உட்கார முடியாது. அதில் உட்கார வேண்டியவரோ, கூப்பிட்டதும் போய் உட்கார்ந்துவிட்டால் பண்பு கெட்டவர். மூன்று தடவையாவது மறுக்க வேண்டும், நாலாவது தடவை பிடித்துத் தள்ள வேண்டும்.

"தலைவரே, உக்காருங்க" என்றார்கள் எல்லாரும்.

"சேச்சே, நான் இப்ப யாரு? சாதாரண ஆளு" என்றார் பெங், கண்ணை அந்த நாற்காலியிலிருந்து எடுக்காமலே. "காப்பக டீச்சரம்மா இருக்காங்க. வயசுல மூத்தவங்க. அவங்கதான் உக்காரணும்."

ஆலைக் குழந்தைகள் காப்பகத்தில் டீச்சராக இருந்த அந்த அம்மாளுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "ஐயையோ! தலைவர் நிக்கும்போது நானா? அதுக்கு என்னை இந்த ஜன்னல் வழியாத் தூக்கிப் போட்ருங்க!"

பெங் அந்த அம்மாளின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். அந்த அம்மாள் பெங்கின் கோட்டைப் பிடித்துத் தள்ளினாள். சங்கச் செயலாளர் இருவரையும் சேர்த்துத் தள்ளினார். ஒரு பொத்தான் தெறித்து முட்டைக்கோஸ் தட்டில் விழுந்தது. பதார்த்தங்கள் வந்துகொண்டே இருந்தன, ஆறிக்கொண்டே இருந்தன. இதற்குள் அடுத்த டூர்க்காரர்கள், பச்சைத் தொப்பி போட்டவர்கள், மேஜை எப்போது காலியாகும் என்று நாற்காலிகளுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். இன்னும் உட்காரவே இல்லாத நாற்காலிகளுக்குப் பின்னால்!

லுவான் வாசலுக்கு முதுகு காட்டும் கடைசி நாற்காலியின் பக்கத்தில் நின்றிருந்தார். டிரைவருடைய இடம் அது. தலைக்கு மேலே தட்டு வரும், தோளில் குழம்பு சொட்டும், சாதம் கேட்டு ஓட வேண்டும். அவருடைய கண் சுவர்க் கடிகாரத்தின் மேல் இருந்தது.

டிங் ஓடி வந்தாள். "என்ன மாமா, இன்னும் நின்னுகிட்டே இருக்கீங்க? ஒண்ணே காலுக்குள்ள எந்திரிக்கணும்!"

"உக்காந்தாத்தானே எந்திரிக்க முடியும்!" என்று கத்தினாள் குய்லான்.

"டீச்சரம்மா, தயவுசெஞ்சு" என்றார் பெங்.

"தலைவரே, கால்ல விழறேன்" என்றாள் டீச்சர்.

லுவானுக்குள் ஏதோ ஒன்று அறுந்தது. முப்பது வருஷமாக இழுத்துக் கட்டியிருந்த கயிறு. அவர் மேஜையைச் சுற்றிக்கொண்டு போனார், வாசலைப் பார்த்த நாற்காலியை இழுத்தார், பொத்தென்று உட்கார்ந்தார்.

காற்று வாங்கப் போயிருந்த பச்சைத் தொப்பிக்காரர்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். பெங்கின் கை டீச்சரின் சட்டையைப் பிடித்தபடி அந்தரத்தில் நின்றது. குய்லான், "ஐயோ, இந்த ஆளுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்று முணுமுணுத்தாள். ஆனால் அவள்தான் முதலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் ஒவ்வொருவராக, பேயறைந்த மாதிரி உட்கார்ந்தார்கள். கடைசியில் மிச்சம் ஒரே ஒரு நாற்காலி. வாசலுக்கு முதுகு காட்டியது. அதில் பெங் உட்கார்ந்தார். உட்கார்ந்த கையோடு அவர் தோளுக்கு மேலே சூப் வந்தது, கொஞ்சம் தோளிலும் வந்தது.

லுவான் சாப்பிடும் குச்சியை எடுத்தார். "சாப்பிடுங்க" என்றார். அவர் எடுத்த பிறகுதான் மற்றவர்கள் எடுத்தார்கள். முறை அப்படி.

பிறகு மீன் வந்தது. அந்த ஊர் மீன், ஊறவைத்து நாற விட்டுச் சமைப்பார்கள். "இந்த மீனு போன வாரமே செத்துப்போச்சு" என்றார் செயலாளர் மூக்கைப் பிடித்துக்கொண்டு. நாறினால் என்ன, மீன் மீன்தான். அதற்கும் ஒரு முறை உண்டு. மீனின் தலை பெரிய நாற்காலியில் இருப்பவரைப் பார்க்க வைக்க வேண்டும். தலை யாரைப் பார்க்கிறதோ அவர் மூன்று கிண்ணம் சாராயம் குடித்த பிறகுதான் மற்றவர்கள் மீனைத் தொடலாம். மீன் தட்டு வந்தது பெங்கின் தோள் வழியாகத்தான். பெங் அதை வாங்கி, மேஜை நடுவே சுழலும் கண்ணாடித் தட்டில் வைத்து, சுழற்றினார். தலை லுவானுக்கு நேராக வந்து நின்றது.

"ம்?" என்றார் பெங். அந்த ஒற்றை எழுத்தில் அத்தனை விஷமம். லுவான் வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. மகள் கல்யாணத்தில்கூட வெந்நீரைத்தான் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்தவர். எந்த நேரமும் தலைவர் கூப்பிடலாம் இல்லையா?

"வேணாம்யா, படபடன்னு வரும்" என்றாள் குய்லான்.

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன முழம் என்ன? லுவான் ஒன்று குடித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. இரண்டு குடித்தார். காது சூடாயிற்று. மூன்று குடித்தார். மீன் வாசனையாக இருந்தது. மேஜையில் எல்லாரும் கை தட்டினார்கள், பச்சைத் தொப்பிக்காரர்களும் சேர்ந்து தட்டினார்கள். பெங் மட்டும் எழுந்து போய், "சாதம் ஒரு பாத்திரம் கொண்டாங்கம்மா" என்று கேட்டுவிட்டு வந்தார். கதவோரத்து ஆள்தானே கேட்க வேண்டும்!

சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால் பார்க்கிங்கில் கலவரம். அவர்களுடைய பஸ் குறுக்கே நிற்கிறது, பின்னால் நாலைந்து பஸ்கள் ஹாரன் அடிக்கின்றன. டிரைவரைக் காணோம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிவறைப் பக்கம் ஓடினாராம். மீன் வேலை. சாவி வண்டியிலேயே தொங்குகிறது. பார்க்கிங் காவலாளி கைக்குச்சியால் பஸ்ஸின் வயிற்றில் அடித்துக்கொண்டிருந்தான்.

"யாருய்யா இதுக்கு டிரைவர்? எடுய்யா! கீழ் பார்க்கிங்ல கொண்டுபோய் விடு!"

"லுவான் இருக்கானே" என்றார் பெங். தோளில் சூப் காய்ந்திருந்தது. "லுவான், எடுத்துட்டுப் போய்க் கீழ விட்டுட்டு வா. உனக்கு எத்தனை நேரம் ஆயிடும்!"

கீழ் பார்க்கிங் எங்கே இருக்கிறது என்று லுவானுக்குத் தெரியாதா? அங்கே பல ராத்திரி காரில் தூங்கியிருக்கிறார். போய் விட்டுவிட்டு நடந்து மேலே வந்தால் மூன்று மணி. ரெண்டு மணி ரோப் கார் போயே போச்சு. இது மூளைக்குத் தெரிந்தது. ஆனால் கை இருக்கிறதே, அது படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துவிட்டது. ஒரு கால் படியிலும் ஏறிவிட்டது. 'இவ்வளவுதானா? இன்றைக்கும் இவ்வளவுதானா?' என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்தது. அழுகையோடு ஒரு ஏப்பமும் வந்தது. அந்த ஏப்பத்தில் சாராய வாடை அடித்தது.

லுவான் படியிலிருந்து இறங்கினார். "முடியாது!" என்று கத்தினார்.

"ஏன் முடியாது?" என்றான் காவலாளி.

"குடிச்சிருக்கேன்!"

காவலாளி பக்கத்தில் வந்தான். லுவான் அவன் முகத்திலேயே ஊதிக் காட்டினார். காவலாளி மூன்றடி பின்னால் போனான். "நான் குடிச்சிருக்கேன்!" என்று லுவான் பார்க்கிங் முழுக்கக் கேட்கும்படி மறுபடி சொன்னார். பரீட்சையில் முதல் மார்க் வாங்கின பிள்ளை சொல்வது மாதிரி சொன்னார். குடித்தவனைப் போய் வண்டி எடு என்று சொல்ல இன்றைக்கு நம் நாட்டில் எந்தத் தலைவருக்கும் தைரியம் கிடையாது. போலீஸ் சும்மா விடுமா?

"பெருமையாக் கத்தறதைப் பாரு, வெக்கங்கெட்ட மனுஷன்" என்று குய்லான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஆனால் அவள் சிரித்ததை லுவான் பார்த்துவிட்டார். அதற்குள் டிரைவரே பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஓடி வந்து வண்டியை எடுத்தார்.

விடுதிக்குப் பக்கத்திலேயே இருந்த ரோப் கார் நிலையத்தில் வரிசை நகர்ந்தது. டிங் தன் கொடியைத் தூக்கிப் பிடித்து, "சிவப்புத் தொப்பி! சிவப்புத் தொப்பி!" என்று கூவினாள். லுவானுக்குப் போதை இறங்கிக்கொண்டிருந்தது, சந்தோஷம் ஏறிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே கம்பி, கம்பியில் கூண்டு கூண்டாகப் போகிறது, கூண்டெல்லாம் மேகத்துக்குள் நுழைகிறது. இன்னும் இருபது பேர்தான் முன்னால்.

அப்போது யாரோ அவர் முழங்கையைத் தொட்டார்கள். பெங்.

"லுவான், இங்க வா." குரல் பழைய குரல் இல்லை, இறங்கியிருந்தது. "எனக்கு முட்டி வலிக்குது. நான் மேல வரல. நீயும் இங்கயே இரு."

"தலைவரே..."

"மேல என்ன இருக்கு? பாறை. நான்தான் அத்தனை தடவை சொல்லியிருக்கேனே. அங்க டீக்கடை இருக்கு பாரு. நாம ரெண்டு பேரும் உக்காந்து சதுரங்கம் ஆடுவோம். உன்னை மாதிரி ஆடறவன் எனக்கு ஊர்ல கிடைக்கல, தெரியுமா?"

கட்டளை போட்டிருந்தால் லுவான் இன்றைக்கு இருந்த சூட்டில் மறுத்திருப்பார். கெஞ்சினால் என்ன செய்வது? தாங்காத மனசு. முப்பது வருஷப் பழக்கம் வாயைத் திறந்துவிட்டது. "சரி தலைவரே" என்றார்.

சொன்னதுதான் தாமதம், பின்னாலிருந்த கூட்டம் ஒரு தள்ளுத் தள்ளியது. இரண்டு பேரும் மேடையில் வந்து நின்றார்கள். கூண்டு ஒன்று மெல்ல நகர்ந்து வந்தது, கதவு தானாகத் திறந்தது. திறந்த கதவைக் கண்டதும் லுவான் என்ன செய்தார் தெரியுமா? பக்கவாட்டில் ஒதுங்கி நின்று, இடது கையைக் கதவின் மேல் விளிம்பில் வைத்துக்கொண்டார், தலைவர் தலை இடிக்கக் கூடாதே என்று. கார்க் கதவுக்கு லட்சம் தடவை செய்தது. அந்தக் கையைக் கண்டதும் பெங் என்ன செய்தார்? தலையைக் குனிந்து, கோட்டைச் சேர்த்துப் பிடித்து, உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். அவரும் லட்சம் தடவை செய்ததுதானே! பின்னாலேயே குய்லான் லுவானைத் தள்ளிக்கொண்டு ஏறினாள், டிங் ஏறினாள், கதவு சாத்திக்கொண்டது.

கூண்டு மேடையை விட்டு வெளியே போய் ஆடியபோதுதான் பெங்குக்கு நடந்தது புரிந்தது. "நிறுத்து! லுவான், வண்டியை நிறுத்து!"

"இதுல பிரேக் இல்ல தலைவரே!"

பெங் கண்ணை இறுக மூடிக்கொண்டு லுவானின் தொடையைப் பிடித்தார். அப்படிப் பிடித்தார், மறுவாரம்வரை அங்கே நீலம் இருந்தது. "என்னை இறக்கி விடு. எனக்கு உயரம்னா ஆகாது. சின்ன வயசுலருந்தே ஆகாது."

"ஆகாதா? நீங்கதான் அத்தனை தடவை மேல போயிருக்கீங்களே!"

தொடையில் பெங்கின் பிடி இன்னும் இறுகியது.

"தலைவரே, மேல போனீங்களா இல்லையா?"

"டீக்கடைல இருந்தேன்" என்றார் பெங் கண்ணைத் திறக்காமலே. "எல்லாத் தடவையும். பின்பக்க ரூம்ல சீட்டாடிட்டு இருந்தேன்."

"அப்ப மேகம்? கைய விட்டா நனையுதுன்னீங்களே?"

"காலண்டர்ல பாத்தது."

"எந்தக் காலண்டர்?"

"ஆலையில எல்லாருக்கும் கொடுத்தோமே. நவம்பர் மாசப் படம்."

"அந்தக் காலண்டர் எங்க வீட்டு அடுப்படியிலயும் தொங்குச்சு தலைவரே!"

குய்லான் சிரிக்க ஆரம்பித்தாள். வாயைப் பொத்திப் பார்த்தாள், முடியவில்லை. தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்ததில் கூண்டு ஆடியது. "அம்மா தாயே, சிரிக்காதே, ஆடுது!" என்று கும்பிட்டார் பெங். டிங் பாவம், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்க நின்றாள்.

லுவான் சிரிக்கவில்லை. அவருக்கு ரத்தம் கொதித்தது. இந்த மனுஷன் மேலே இருக்கிறார் என்று நம்பி எத்தனை வெயிலில், எத்தனை பனியில் காருக்குள் குந்தியிருந்தேன்! அடிவாரத்திலேயே சீட்டாடிக்கொண்டு இருந்திருக்கிறாரே! நானாவது மேலே ஒரு நடை போய்விட்டு வந்திருக்கலாமே! பயம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யார் சிரித்திருக்கப் போகிறார்கள்? சரி, குய்லான் சிரித்திருப்பாள். அவள் எதற்குத்தான் சிரிக்கவில்லை?

மேல் நிலையத்தில் இறங்கியதும் பெங் கண்ணில் பட்ட முதல் தூணைக் கட்டிக்கொண்டார். முகம் வெளுத்திருந்தது, தொப்பி கோணியிருந்தது. பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. "லுவான், என்னை விட்டுட்டுப் போயிடாதே. ஒரு பத்து நிமிஷம் இரு. மூச்சு வந்ததும் கீழ போயிடலாம்."

லுவான் தோளில் மாட்டியிருந்த ஃபிளாஸ்க்கைக் கழற்றினார். குய்லானின் சாக்ஸ் பையையும் வாங்கினார். இரண்டையும் தூணுக்குப் பக்கத்தில் பெங்கின் காலடியில் வைத்தார்.

"வெந்நீர் இருக்கு, குடிங்க. பையைப் பாத்துக்குங்க தலைவரே. நான் போயிட்டு வரேன்."

மனசு உறுத்தியது. உறுத்தினால் உறுத்தட்டும் என்று நடந்தார்.

குய்லான் பத்தடிக்கு ஒரு தடவை நின்று, கழுத்தில் கட்டியிருந்த சிவப்புப் பட்டுத் துணியைக் காற்றில் விரித்துப் போட்டோ எடுத்துக்கொண்டாள். டீச்சரும் மற்றப் பெண்களும் அவளோடு சேர்ந்துகொண்டார்கள். லுவான் அவர்களுக்காக நிற்கவில்லை. படிகளில் மேலே மேலே போனார். ஒரு பாறை முனையில், கம்பித் தடுப்புக்குப் பக்கத்தில், அதற்கு மேல் போக வழியில்லாத இடத்தில் நின்றார்.

காலண்டர் எல்லாம் பொய். காலண்டரில் இதில் கால்வாசிகூட இல்லை. அடி தெரியாத பள்ளத்திலிருந்து பாறைகள் ஒற்றை ஒற்றையாக எழுந்து நின்றன. ஒரு பிடி மண் கிடையாது, ஆனால் பாறைக்குப் பாறை பைன் மரம், சுவரில் ஆணி அடித்தது மாதிரி பக்கவாட்டில் முளைத்திருந்தது. கீழே பள்ளத்தில் மேகம் பொங்கிப் பொங்கி வந்தது. ஒரு பாறை மறையும், இன்னொன்று வெளியே வரும். லுவான் வெகுநேரம் பார்த்தார். பார்க்கப் பார்க்க ஒரு விஷயம் அவருக்கு உறைத்தது. எங்கேயும் ரோடே இல்லை. வண்டி ஏற ஒரு சாண் இடம் கிடையாது, திருப்ப இடம் கிடையாது, நிறுத்த இடம் கிடையாது. உலகத்தில் இப்படி ஓர் இடம் இருக்கிறதா! அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கன்னத்தில் கண்ணீர் ஓடியது, துடைத்துக்கொள்ளவில்லை.

சட்டைப் பையில் போன் அடித்தது. டிங். அடித்து ஓய்ந்தது. குய்லான். ஓய்ந்தது. சங்கச் செயலாளர். முப்பது வருஷம் லுவானின் போன் ராத்திரிகூட அணைந்ததில்லை, தலையணைக்குப் பக்கத்தில்தான் கிடக்கும். அவர் அதை எடுத்தார், பொத்தானைத் தேடிக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று, அணைத்தார். அணைத்துவிட்டு மறுபடி பார்த்தார். வெயில் சாய்ந்தது. பாறைகள் செம்மண் நிறத்துக்கு மாறின. அதற்கப்புறம் சாம்பல் நிறத்துக்கு. அதையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

கடைசிக் கூண்டில், கடைசி ஆளாகக் கீழே இறங்கினார். பார்க்கிங்கில் எல்லா பஸ்ஸும் போய்விட்டிருந்தன, ஒன்றைத் தவிர. அது விளக்கைப் போட்டுக்கொண்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவர் தலை தெரிந்ததும் ஜன்னல்கள் எல்லாம் திறந்துகொண்டன.

"எங்க மாமா போனீங்க?" டிங்குக்கு அழுகையே வந்துவிட்டது. "மலை முழுக்க மைக்ல உங்க பேரைச் சொல்ல வெச்சேன்!"

"விழுந்து செத்துட்டேன்னு நினைச்சு ஒரு பாட்டம் அழுது முடிச்சிட்டேன்யா!" என்றாள் குய்லான். அவள் பக்கத்தில் பெங் உட்கார்ந்திருந்தார், தலையைச் சுற்றி அவளுடைய சிவப்புப் பட்டுத் துணியோடு. அவர் கண்ணைக் கட்டித்தான் கீழே இறக்கினார்களாம். மடியில் சாக்ஸ் பை பத்திரமாக இருந்தது.

"எத்தனை நேரமா உக்காந்திருக்கோம் தெரியுமா?" என்று எகிறினார் செயலாளர். "குளிருது, பசிக்குது. பார்க்கிங்ல என்னய்யா இருக்கு பாக்கறதுக்கு? இப்படியா மனுஷங்களைக் காக்க வெப்பாங்க?"

லுவான் நிதானமாகப் படியேறி உள்ளே வந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று பஸ்ஸே எதிர்பார்த்தது. அவர் எல்லார் முகத்தையும் ஒரு தடவை பார்த்தார். கடைசியாகப் பெங்கின் முகத்தைப் பார்த்தார்.

"முதல் தடவைதான் கஷ்டமா இருக்கும்" என்றார். "அப்புறம் பழகிடும்."

பெங் தலையைக் குனிந்துகொண்டார். லுவான் போய்த் தன் சீட்டில் உட்கார்ந்தார். பஸ் கிளம்பியது.